தகுதி பாராத தேர்வு



ஆண்டுக்கு ஓர் உபதேசத்தை எடுத்து, சபையாருக்குப் புரியும்படி பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் விதி. இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டது தெரிந்துகொள்ளுதல் என்ற உபதேசம். கடவுள் தமது சித்தத்தின்படி, மனிதனின் தகுதியைப் பாராமல், சுத்த கிருபையினால் இரட்சிப்புக்கென்று மக்களைத் தெரிந்துகொள்கிறார் என்பது அதன் சாரம்.

நம் பிரசங்க மேடைகளில் இதற்கு இடம் குறைவு. ரோமருக்கு எழுதின நிருபத்தில் எட்டாம் அதிகாரம் வரை உற்சாகமாக வருகிறோம். அடுத்த மூன்று அதிகாரங்களைத் தாண்டி, பன்னிரண்டில் போய் இறங்கிவிடுகிறோம். கடவுள் பட்சபாதம் உள்ளவராகத் தோன்றிவிடுவாரோ என்ற அச்சம் ஒரு காரணம். இந்த உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை மட்டம் தட்டியவர்களைப் பார்த்த கசப்பு இன்னொரு காரணம். அச்சம், கசப்பு இரண்டுமே நியாயமானவை. ஆனாலும் இந்த உபதேசத்தைப் பேசாமல் விட்டதால் நாம் இழந்தது அதிகம் என்று நம்புகிறேன். மனிதன் தன்னிடம் இருப்பதாக நினைக்கும் எல்லாத் தகுதியையும் கடவுளின் முன்னால் இறக்கி வைக்கச் சொல்லும் உபதேசம் இது. இதைத் தன் பெருமைக்கு ஆதாரமாக்கிக்கொள்ளும் சபை இதையே மறுதலிக்கிற சபை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை இதற்கான சாட்சியங்கள்.

வேதத்தின் சாட்சி

உபாகமம் ஏழாம் அதிகாரத்தில் இஸ்ரவேலுக்கு ஒரு விளக்கம் தரப்படுகிறது. கர்த்தர் உங்களைத் தெரிந்துகொண்டது நீங்கள் திரளான ஜனம் என்பதால் அல்ல. எல்லா ஜனங்களிலும் நீங்கள் கொஞ்சமானவர்கள். அவர் உங்களில் அன்பு வைத்தார், அதுதான் காரணம். இரண்டு அதிகாரம் தள்ளி, உங்கள் நீதியினால் இந்தத் தேசத்தைப் பெறவில்லை என்று மோசே அதையே வேறு விதமாக அழுத்துகிறார். முதலில் எண்ணிக்கை போயிற்று, அடுத்து நற்குணமும் போயிற்று.

புதிய ஏற்பாட்டில் கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் இதே பாதையில்தான் நடக்கிறார். அந்தத் துறைமுக நகரத்துச் சபையாரைப் பார்த்து, உங்களில் ஞானிகள் எத்தனை பேர், வல்லவர்கள் எத்தனை பேர், உயர்குலத்தார் எத்தனை பேர் என்று கேட்கிறார். அநேகர் இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். உலகம் இழிவாக எண்ணியவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டதற்கு அவர் காட்டும் நோக்கம் ஒன்றுதான்: எந்த மாம்சமும் அவர் முன்னால் பெருமை பாராட்டக் கூடாது.

ரோமர் 9ஆம் அதிகாரம் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். பவுல் அங்கே கண்ணீரோடு நிற்கிறார். தன் இனத்தார் மீட்கப்படுவார்களானால், தான் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சபிக்கப்படவும் சம்மதம் என்கிறார். அதற்குப் பிறகுதான் யாக்கோபு, ஏசா பற்றிய கடினமான வசனங்கள் வருகின்றன. பத்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் மறுபடியும் அவர்களுடைய இரட்சிப்புக்காக ஜெபிக்கிறார். எல்லார்மேலும் இரக்கமாயிருக்கும் கடவுளின் நோக்கத்தைச் சொல்லி, அவருடைய ஞானத்தின் ஆழத்தை வியந்து துதிப்பதோடு பதினோராம் அதிகாரம் முடிகிறது. இடையில் வரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணீரையும் துதியையும் தள்ளிவிட்டவர்கள்தான் இந்த உபதேசத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தவர்கள்.

ஹிப்போ ஆயரின் கணக்கு

ரோமர் 9ஆம் அதிகாரத்தோடு மல்லுக்கு நின்ற பெரிய சிந்தனையாளர் அகஸ்டீன். 354 முதல் 430 வரை வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர். ஹிப்போ நகரின் ஆயர். 390களின் நடுவில் அவர் எழுதியவற்றைப் பார்த்தால், யார் விசுவாசிப்பார் என்பதை முன்னறிந்தே கடவுள் தெரிந்துகொள்கிறார் என்ற கருத்து இருக்கும். நம்மில் பலருக்கும் பிடித்தமான விளக்கம் அது. சில ஆண்டுகளில், மிலான் நகரத்துச் சிம்ப்ளீசியான் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அதே மனிதர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அவருடைய வாதத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். யாக்கோபும் ஏசாவும் இரட்டையர். தகப்பன் ஒருவர், தாய் ஒருத்தி, கருப்பை ஒன்று, பிறந்த வேளையும் ஒன்று. குலத்தையோ ஜாதகத்தையோ வைத்து இருவரையும் வேறுபடுத்த வழியில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே, நன்மையோ தீமையோ செய்வதற்கு முன்பே, தெரிந்துகொள்ளுதல் அறிவிக்கப்பட்டது. ஆகவே செயலும் காரணமாக முடியாது. அப்படியானால் பின்னால் வரப்போகும் விசுவாசத்தை முன்னறிந்து தெரிந்துகொண்டாரா? முன்னறிந்த விசுவாசம் காரணமாகலாம் என்றால், முன்னறிந்த நற்செயலும் காரணமாகலாம். செயலினால் அல்ல என்று பவுல் வலியுறுத்தியது வீணாகிவிடும். எனவே விசுவாசமும் கடவுள் தந்த ஈவு என்ற முடிவுக்கு வந்து நிற்கிறார் அகஸ்டீன்.

அந்த எழுத்தின் இறுதிப் பகுதியில் அவர் தம்மைச் சுற்றி இருந்தவர்களைப் பார்க்கிறார். கல்வியும் திறமையும் உள்ளவர்கள் வெளியே நிற்க, நாடக மேடைக்காரர்களும் விலைமாதரும் திடீரென்று மனந்திரும்பி வருகிறார்கள். சபையைத் துன்பப்படுத்தப் போய்க்கொண்டிருந்த சவுல் தமஸ்கு வழியில் தரையில் விழுகிறான். அந்த நேரத்தில் அவனுக்குள் இருந்தது நல்ல விருப்பமா? கொலை வெறிதான் இருந்தது. அதையும் ஒரு குரல் திருப்பிவிட்டது. வயதான காலத்தில் தம் நூல்களையெல்லாம் மறுபடி வாசித்துப் பார்த்த அகஸ்டீன், மனிதனின் சுயாதீன விருப்பத்துக்காகத்தான் அந்தக் கட்டத்தில் போராடியதாகவும், முடிவில் வென்றது கடவுளின் கிருபையே என்றும் பதிவு செய்திருக்கிறார்.

பிற்பாடு பெலாஜியஸுடன் நடந்த நீண்ட வாதத்தில் இந்த முடிவு உறுதிப்பட்டது. மனிதன் முயன்றால் பாவமின்றி வாழலாம் என்று போதித்த பெலாஜியஸ் ஒழுக்கமான துறவி. அவருடைய போதனை 418இல் கார்த்தேஜ் மாமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. 529இல் ஆரஞ்சு நகரத்தில் கூடிய மன்றம், கிருபை மனித விருப்பத்துக்கு முந்தியது என்பதை ஏற்றது. கடவுள் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்ற கருத்தைக் கடுமையாகத் தள்ளியது. அந்த இரண்டாவது தீர்மானத்தையும் நாம் மறக்கக் கூடாது.

டோர்ட் நகரத்துத் தீர்மானங்கள்

சீர்திருத்தக் காலத்தில் ஜெனீவாவில் பணி செய்த ஜான் கால்வினின் பெயரோடுதான் பலரும் இந்த உபதேசத்தைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அவருடைய பெருநூலின் 1559ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பில் இது எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கடவுளைப் பற்றிப் பேசும் முதல் புத்தகத்தில் இல்லை. மூன்றாம் புத்தகத்தில் விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்கப்படுதல், ஜெபம் ஆகியவற்றையெல்லாம் பேசி முடித்த பிறகு, 21 முதல் 24 வரையுள்ள அதிகாரங்களில் வருகிறது. ஜெபிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்று திரும்பிப் பார்க்கும் விசுவாசிக்கான விடையாகவே கால்வின் இதை வைத்தார். கடவுளின் மறைவான ஆலோசனைக்குள் எட்டிப் பார்க்க முயல்பவன் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வான் என்றும் எச்சரித்தார்.

அவருக்குப் பின் நெதர்லாந்தில் பூசல் வெடித்தது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஆர்மினியஸும் கோமாரஸும் எதிரெதிராக நின்றார்கள். ஆர்மினியஸ் 1609இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூற்றுகள் கொண்ட முறையீட்டை முன்வைத்தார்கள். அதைத் தீர்க்கவே 1618 நவம்பர் 13 அன்று டோர்ட் நகரத்தில் மாமன்றம் கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, சுவிட்சர்லாந்து, ஜெர்மானியப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். 1619 மே மாதம் வரை நீண்ட அந்த மன்றம் ஆர்மினியர்களின் கூற்றுகளை மறுத்து, ஐந்து தலைப்புகளில் தீர்மானங்களை வெளியிட்டது.

இவற்றை வறண்ட தர்க்கம் என்று நினைப்பவர்கள் முதல் தலைப்பின் 16, 17ஆம் பிரிவுகளை எடுத்து வாசிக்க வேண்டும். தனக்குள் உறுதியான நம்பிக்கை இன்னும் வரவில்லையே என்று தவிக்கிற ஒருவர், தள்ளப்பட்டவன் என்று தன்னை எண்ணிக் கலங்க வேண்டாம் என்கிறது 16ஆம் பிரிவு. வசனத்தைக் கேட்பதையும் ஜெபத்தையும் விடாமல் பற்றிக்கொண்டு, கிருபை பெருகும் வேளைக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. 17ஆம் பிரிவு, சிறு வயதில் இறந்துபோன பிள்ளைகளைப் பற்றியது. பக்தியுள்ள பெற்றோர் அந்தப் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தொட்டில் காலியாவது சாதாரணமாக இருந்த நூற்றாண்டு அது. தங்கள் உபதேசத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாயின் மனத்தில் என்ன ஓடும் என்று அந்த மன்றத்தில் இருந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் தலைப்பின் ஐந்தாம் பிரிவோ, நற்செய்தியை எல்லா ஜனங்களுக்கும், எல்லா மனிதருக்கும், வேறுபாடின்றி அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

அதே மன்றத்தின் நிழலில் நடந்த கொடுமையையும் சொல்லியாக வேண்டும். இறையியல் பூசல் அரசியல் பூசலோடு பின்னிக் கிடந்தது. ஆர்மினியர்களுக்கு ஆதரவாக இருந்த ஓல்டன்பார்னவெல்ட், நாட்டின் விடுதலைக்கு உழைத்த எழுபது வயது கடந்த அரசியல் தலைவர். 1619 மே 13 அன்று ஹேக் நகரத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது. ஏறக்குறைய 200 ஆர்மினிய ஊழியர்கள் பதவி இழந்தார்கள். கிருபையைக் காக்கப் புறப்பட்டவர்கள் கிருபையில்லாமல் நடந்துகொண்டார்கள். எழுதிய தீர்மானம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நடத்தை அதை மறுத்துவிட முடியும் என்பதற்கு இது முதல் சாட்சி.

மூன்று கேள்விகள்

சபையார் வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

இது அநியாயம் அல்லவா என்பது முதல் கேள்வி. பவுலே எழுப்பும் கேள்விதான் இது. கிருபை என்பது கூலி இல்லை, கடன் தீர்ப்பதும் இல்லை. கேட்டு வாங்கும் உரிமை எவருக்கும் கிடையாது என்பதுதான் வேதம் தரும் பதிலின் மையம். இந்தப் பதிலோடு என் மனமும் முழுக்க அமைதி அடைவதில்லை. ரோமர் 9 இஸ்ரவேல் என்ற ஜனத்தின் வரலாற்றைப் பேசுகிறது, தனி மனிதரின் நித்திய முடிவைப் பேசவில்லை என்று வாசிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை மதித்துக் கேட்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த் 1942இல் வெளியிட்ட தம் தொகுதியில் இதற்கு வேறொரு திசையைக் காட்டினார். தெரிந்துகொள்ளுதலைப் பேசுபவர் முதலில் இயேசு கிறிஸ்துவைப் பேச வேண்டும், தெரிந்துகொள்ளும் கடவுளும் தெரிந்துகொள்ளப்பட்ட மனிதரும் அவரே என்றார் பார்த். புறக்கணிப்பையும் அவரே சிலுவையில் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது அவருடைய வாதம். கடவுளின் மறைவான தீர்மானத்துக்கும் கல்வாரியில் தெரிந்த முகத்துக்கும் முரண் இருக்க முடியாது என்பதில் நான் அவரோடு நிற்கிறேன்.

எல்லாம் முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்றால் நற்செய்தி எதற்கு என்பது இரண்டாவது கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், கொரிந்துவில் பயந்திருந்த பவுலுக்கு ஆண்டவர் தரிசனமாகி, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்கிறார். பவுல் மூட்டை கட்டவில்லை. ஒன்றரை ஆண்டு அங்கேயே தங்கிப் போதித்தார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தெரிந்துகொள்ளப்படாதவர்களை விசுவாசிக்க அழைக்கக் கூடாது என்று வாய்மூடியிருந்த போதகர்கள் உண்டு. அதே மரபில் நின்ற ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் அவர்களை மறுத்து நூல் எழுதினார். 1792இல் மிஷனெரிச் சங்கம் எழுந்தது. 1793இல் வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கினார். செருப்புத் தைத்துப் பிழைத்த அந்த மனிதர் கடவுளின் இறையாண்மையை முழுமையாக நம்பியவர். பல ஆண்டுகள் பலன் காணாதபோதும் அவரைத் தாங்கி நிறுத்தியது அந்த நம்பிக்கைதான்.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்று எப்படி அறிவேன் என்பது மூன்றாவது கேள்வி. கிறிஸ்துவைப் பார் என்பதே கால்வினின் பதில். பரலோகப் பெயர்ப் பட்டியலைக் கடவுள் நம் கையில் தரவில்லை, கிறிஸ்துவைத் தந்திருக்கிறார். அவரைப் பற்றிக்கொண்டவன் வேறெந்த அத்தாட்சியையும் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளப்பட்டவரா என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடையாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கேள்வியும் அல்ல.

இந்தக் கேள்விகளில் கருத்து வேறுபட்டவர்கள் ஒருவரை ஒருவர் நேசிக்கவும் முடிந்திருக்கிறது. ஜான் வெஸ்லி 1739இல் இந்த உபதேசத்தைத் தாக்கிப் பிரசங்கித்தார். ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு கடிதம் எழுதி மறுத்தார். பிளவு வலித்தது. ஆனால் ஒயிட்ஃபீல்டு 1770இல் மறைந்தபோது, அவருடைய விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் மரபில் வந்த மெதடிஸ்டுகளும் கால்வினின் மரபில் வந்த பிரஸ்பிட்டேரியர்களும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். நம்மில் பலர் அந்த இருவருக்கும் பிள்ளைகள்.

பெருமையாக மாறிய உபதேசம்

அடுத்த சாட்சி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. டோர்ட் தீர்மானங்களைத் தன் விசுவாச அறிக்கையாகக் கொண்ட டச்சுச் சீர்திருத்தச் சபை அங்கே இருந்தது. 1829இல் அதன் கேப் மன்றம், திருவிருந்தில் நிற வேறுபாடு கூடாது என்று தீர்மானித்தது. 28 ஆண்டுகளில் நிலை மாறியது. 1857இல் கூடிய மன்றம், வெள்ளையரல்லாத விசுவாசிகள் தன் சபைகளிலேயே சேர்க்கப்படுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தது. 1881இல் அவர்களுக்கெனத் தனிச் சபையே அமைக்கப்பட்டது. 1948இல் நிறவெறி அரசின் கொள்கையானது.

அந்தப் பாதையில் வெள்ளையரில் பலர் தங்களைத் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்று எண்ணிக்கொண்டார்கள். உபாகமம் ஏழாம் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்ததற்கு நேர் எதிரான பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தகுதி இல்லாமல் கிடைத்த கிருபை, தோலின் நிறத்துக்குக் கிடைத்த பட்டயமாகிவிட்டது.

அதற்கு மறுமொழி எங்கிருந்து வந்தது? ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று உருவாக்கிய அதே சபையிலிருந்து வந்தது. கேப் டவுன் அருகே பெல்ஹார் என்ற இடத்தில் 1982இல் எழுதி, 1986இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கை, சபையின் ஒருமைப்பாடு, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றையும் நற்செய்தியின் உயிர்நாடி என்று அறிவித்தது. அவர்கள் சீர்திருத்த மரபைத் தூக்கி எறியவில்லை. அந்த மரபின் உள்ளேயே நின்று, கிருபையின் கடவுள் பிறப்பு பார்ப்பதில்லை என்று தங்களை ஒதுக்கியவர்களுக்கே திரும்பப் போதித்தார்கள். 1857இன் அந்த வார்த்தை என்னை இன்னும் உறுத்துகிறது: சிலருடைய பலவீனம். பலவீனர்களாக எண்ணப்பட்டவர்கள் பெருமைக்காரர்கள். அவர்களுக்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள் எளியவர்கள்.

நம் வீட்டில்

அந்நிய நாட்டுக் குற்றத்தைப் பேசிவிட்டு எழுந்து போவது எளிது. நம் சபை வரலாற்றில் 1833ஆம் ஆண்டைத் திறந்து பாருங்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்ற வரிசை, எல்லாம் போக வேண்டும் என்பது அதன் பொருள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்து வெளியேறினார்கள். நாம் பெரிதும் மதிக்கும் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர். அவருடைய பாடல்களுக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம். இந்த ஒன்றில் அவர் தவறான பக்கத்தில் நின்றார்.

அந்தக் கதை 1833இல் முடிந்துவிட்டதா? மணமகன் தேவை விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறொரு சொல் வருகிறது. டயோசிசன் தேர்தலில் எந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுகிறவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை இருக்கிறது. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கும் மண்ணில்கூட யார் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம்.

கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம் என்று ஞாயிறு காலை அறிக்கையிடுகிற வாய், திங்கட்கிழமை பிறப்பை வைத்து மனிதரை அளந்தால், அந்த அறிக்கை பொய். பிறப்புக்குக் கடவுள் எந்த மதிப்பும் கொடுக்கவில்லை என்பதுதான் யாக்கோபு, ஏசா கதையின் முதல் பாடம். ஒரே கருவறையிலிருந்து வந்த இருவரை வைத்து அதைச் சொன்னார். நமக்கு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

ஆயர்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் ஆண்டில் ரோமர் 9, 10, 11 அதிகாரங்களை ஒரு வரி விடாமல் தொடர்ந்து பிரசங்கியுங்கள். கண்ணீரில் தொடங்கித் துதியில் முடியுங்கள். இடையில், உங்கள் சபையில் பிறப்பை வைத்துப் பிரிக்கும் வழக்கம் எது இருந்தாலும் அதைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். இறையியல் மாணவர்களே, இந்த உபதேசத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். இதைக் கொண்டு உங்கள் சொந்தத் தகுதிப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். சபைப் பெரியவர்களே, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினைச் சுவர் இருந்தால், அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன் அதை இடித்துவிடுங்கள். தகுதி பாராமல் உங்களைத் தெரிந்துகொண்ட கடவுளுக்கு நீங்கள் செலுத்தக்கூடிய நன்றி அதுதான்.